இயற்கையில் கார்பன் சுழற்சி: வயலின் வரவு செலவுக் கணக்கு

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ராஜஸ்தானத்தின் சூரத்கட்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தின் பயனாக, இன்று நம் நாட்டு உழவர் பலர் கையில் அவரவர் நிலத்தின் பரிசோதனை முடிவு இருக்கிறது. அவ்வட்டையில் பன்னிரண்டு விவரங்கள் காணப்படும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை உழவருக்குப் பழக்கமானவை. அவற்றோடு ‘அங்ககக் கார்பன்’ என்றொரு வரியும் உண்டு. அதன் அளவு நூற்றுக்கு 0.5க்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’ என்றும், 0.5 முதல் 0.75 வரை இருந்தால் ‘நடுத்தரம்’ என்றும், அதற்கு மேற்பட்டால் ‘மிகுதி’ என்றும் குறிப்பது வழக்கம்.

“கார்பன் என்றால் கரி அல்லவா? என் நிலத்தில் கரி எப்படி வந்தது? குறைவு என்று போட்டிருக்கிறதே, அதை எந்தக் கடையில் வாங்கிப் போடுவது?” என்று ஓர் உழவர் வினவினால், களப்பணியாளர் யாது விடை கூறுவார்? இதே வினாவை வகுப்பறையில் மாணவன் வேறோர் உருவில் எழுப்புகிறான்: “விதை இவ்வளவு சிறிதாயிருக்க, மரத்தின் இவ்வளவு பெரிய உடல் எங்கிருந்து வந்தது?” இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அவ்விடையைச் சரிவர அறிந்துகொண்டால், எந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது, எங்கே எவ்வளவு காலம் தங்குகிறது என்னும் கணக்கைப் பிழையின்றிப் போடலாம். கணக்கு பிழையானால் உழவருக்கு நாம் கூறும் அறிவுரையும் பிழையாகிவிடும். ஆகவே அக்கணக்கை அடியிலிருந்து காண்போம்.

மரம் மண்ணைத் தின்பதில்லை

செடி கொடிகள் மண்ணைத் தின்று வளர்கின்றன என்பது நெடுங்காலம் நிலவி வந்த எண்ணம். இதனைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் வான் ஹெல்மாண்ட் என்னும் பெல்ஜிய நாட்டறிஞர். அவர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். ஐந்தாண்டுக் காலம் நீர் மட்டுமே ஊற்றி வந்தார். பின்னர் மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது அது 169 ராத்தலுக்குச் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்ததில் குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே! அவர் மறைவுக்குப் பின் 1648இல் வெளிவந்த நூலில் இப்பரிசோதனை விவரிக்கப்பட்டுள்ளது.

மரம் முழுவதும் நீரால் ஆனது என்று வான் ஹெல்மாண்ட் முடிவு செய்தார். அவருடைய தராசு பொய் கூறவில்லை. ஆயினும் முடிவு பாதியளவே உண்மை. அவர் கணக்கில் கொள்ளத் தவறிய பொருள் ஒன்று உண்டு. அதுவே காற்று.

அக்குறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீங்கிற்று. எரிந்து அணைந்த மெழுகுவர்த்தியால் கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குகிறது என்பதை 1771இல் பிரீஸ்ட்லி கண்டார். இது பச்சை நிறமுள்ள பகுதிகளால் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே நிகழ்கிறது என்பதை 1779இல் இங்கன்ஹவுஸ் நிறுவினார். செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பதை 1782இல் செனபியே எடுத்துரைத்தார். 1804இல் டி சொசூர் என்பவர் நுட்பமாக அளந்து, கரியமில வாயுவின் கார்பனோடு நீரும் செடியின் உடலில் சேர்கிறது என்று காட்டினார். இவ்வாறு நால்வர் ஆராய்ச்சியால் மரத்தின் பிறப்பு வரலாறு தெளிவாயிற்று.

உலர்ந்த பயிரின் எடையில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை கார்பன். எஞ்சியதில் பெரும்பகுதி பிராணவாயுவும் ஹைட்ரஜனும் ஆகும். மண்ணிலிருந்து வந்த உப்புக்கள் சிறு பகுதியே. விறகை எரித்த பின் அடுப்பில் எஞ்சும் சாம்பலே மரம் மண்ணிடம் பெற்ற கடன். மற்றவை காற்றும் நீரும் தந்தவை.

இலையின் வேலை

காற்றில் 10,000 பங்கிற்கு ஏறத்தாழ 4 பங்கே கரியமில வாயு உள்ளது. இச்சிறிய அளவைக் கொண்டே உலகின் காடுகளும் கழனிகளும் தழைக்கின்றன. இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்துளைகளின் வழியே கரியமில வாயு உட்புகுகிறது. பச்சையம் என்னும் பொருள் சூரிய ஒளியின் ஆற்றலைப் பற்றுகிறது. அவ்வாற்றலால் நீர் பிளவுண்டு பிராணவாயு வெளியேற, கார்பன் சர்க்கரையாக உருப்பெறுகிறது. இதனை ஒளிச்சேர்க்கை என்கிறோம். சர்க்கரையிலிருந்தே மாவுப்பொருள், நார்ப்பொருள், எண்ணெய், புரதம் ஆகிய யாவும் கட்டப்படுகின்றன. கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்து, இலைக்குள் கார்பன் செல்லும் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்த மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் நீர்ச்செடிகளைக் கொண்டு இத்துறையில் ஆராய்ந்து, 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இதனை மாணவர்க்குக் காட்டுதல் எளிது. குளத்தில் வளரும் ஹைடிரில்லாச் செடியின் சில தண்டுகளை ஒரு கண்ணாடிப் பாத்திரத்து நீரில் இட்டு வெயிலில் வைத்தால், வெட்டிய நுனிகளிலிருந்து வாயுக் குமிழிகள் எழும். ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகளை எண்ணுக. பின்னர் நிழலுக்கு மாற்றி எண்ணுக. மீண்டும் வெயிலில் வைத்து, நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்து எண்ணுக. நிழலில் எண்ணிக்கை குறைவதையும், சோடாவிலிருந்து கூடுதல் கார்பன் கிடைத்ததும் எண்ணிக்கை மிகுவதையும் மாணவர் தாமே காண்பர்.

மூச்சும் நெருப்பும் மக்குதலும்

இவ்வாறு காற்றிலிருந்து இறங்கிய கார்பன் மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. திரும்பும் வழிகள் மூன்று எனலாம். உயிருள்ளவை யாவும் மூச்சு விடுதல் ஒன்று. செடியும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. இறந்த உடல்களையும் உதிர்ந்த இலைகளையும் நுண்ணுயிர்கள் உண்டு மூச்சு விடுதல் மற்றொன்று. இதனையே மக்குதல் என்கிறோம். மூன்றாவது நெருப்பு. மூன்றிலும் நிகழ்வது ஒன்றே. கார்பன் பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகிறது. சூரியனிடம் பெற்ற ஆற்றல் வெளிப்படுகிறது. அது நெருப்பில் ஒரு நொடியில் வெப்பமாகப் பாய்ந்துவிடும். மக்குதலில் அதே ஆற்றல் மெல்ல மெல்ல வெளிப்பட்டு, மண்ணில் வாழும் எண்ணற்ற உயிர்களுக்கு உணவாகிறது. இவ்வேற்றுமையை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழலின் வழியே மாணவன் மூச்சை ஊதினால், நீர் பால்போல் வெண்மையாகும். கரியமில வாயுவுக்கு இது அடையாளம். (ஊதுவதன்றி உறிஞ்சலாகாது என்று ஆசிரியர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.) மூச்சில் வெளிவந்த அக்கார்பன் முந்தைய நாள் உண்ட சோற்றிலோ ரொட்டியிலோ இருந்தது. அதற்குச் சில திங்களுக்கு முன் அது வயலின் மேல் வீசிய காற்றில் இருந்தது. இவ்வொரு செய்தியே மாணவன் மனத்தில் சுழற்சியின் கருத்தைப் பதித்துவிடும்.

தங்கும் இடங்களும் தங்கும் காலமும்

கார்பன் சுழல்கிறது என்று கூறினால் மட்டும் போதாது. அது எங்கே எவ்வளவு தங்குகிறது என்பதே கணக்கின் உயிர்நாடி. உலக அளவில் விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளவை வருமாறு: காற்று மண்டலத்தில் உள்ள கார்பன் ஏறத்தாழ 88,000 கோடி டன். நிலத்தின் செடி கொடி மரங்களில் ஏறத்தாழ 45,000 கோடி டன். நிலத்தின் மேல் ஒரு மீட்டர் ஆழத்திற்குள் மட்டும் மண்ணின் அங்ககப் பொருளில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன். கடல் நீரில் கரைந்துள்ளது ஏறத்தாழ 38 லட்சம் கோடி டன். சுண்ணாம்புப் பாறை முதலிய பாறைகளில் அடங்கியிருப்பது இவை யாவற்றையும்விடப் பன்மடங்கு மிகுதி.

மண்ணில் உள்ள கார்பன், உலகின் மரஞ்செடிகளிலும் காற்றிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைவிட மிகுதி என்பது பலர் அறியாத உண்மை. காட்டைக் கண்டு வியக்கிறோம். காலடியில் அதனினும் பெரிய கிடங்கு கிடக்கிறது.

இவ்விடங்களில் கார்பன் தங்கும் காலமும் வேறுபடும். நெற்பயிரின் இலையில் சில திங்கள். தேக்கு மரத்தின் வைரத்தில் நூறாண்டுக்கு மேல். மண்ணில் சில நாள் முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வரை. கடலின் மேற்பரப்பு காற்றோடு விரைவில் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. ஆழ்கடலுக்குச் சென்றது திரும்ப நூற்றாண்டுகள் செல்லும். நுண்ணிய கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையானால், அக்கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிறைப்படுகிறது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு இமயத்தின் பாறைகளையும் தக்காணத்தின் கருங்கற்களையும் அரிப்பதும், கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து சென்ற வண்டலோடு இலைதழைகளின் கார்பன் வங்கக் கடலின் அடியில் புதைவதும் இம்மெதுவான சுழற்சியின் பகுதிகளே.

ஆக, இயற்கையில் கார்பனுக்கு இரண்டு சுற்றுக்கள் உண்டு என்று மாணவர்க்கு விளக்கலாம். இலை, உடல், மண், காற்று என்று நாளும் ஆண்டுமாக ஓடுவது விரைவுச் சுற்று. பாறை, ஆழ்கடல், நிலக்கரி என்று யுகங்களாக நகர்வது மெதுவான சுற்று. முன்னது அன்றாடக் கைச்செலவுக் கணக்கு. பின்னது பூட்டிவைத்த நிலவறை.

பூட்டுத் திறக்கப்பட்ட நிலவறை

இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இந்தியா கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதியாக இருந்த காலத்தில், சதுப்பு நிலங்களில் குளோசாப்டெரிஸ் முதலிய மரங்கள் செழித்திருந்தன. அவை வீழ்ந்து, முற்றும் மக்காமல், வண்டலின் அடியில் புதைந்து நிலக்கரியாயின. ராணிகஞ்ச், ஜரியா முதலிய இடங்களின் கரிப்படுகைகள் அவ்வாறு தோன்றியவை. அப்பாறைகளில் அந்த இலைகளின் சுவடுகளை இன்றும் காணலாம். ராணிகஞ்சில் 1774இல் கரி வெட்டத் தொடங்கினர்.

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிக்கும்போது, யுகங்களாகப் பூட்டியிருந்த கார்பன் சில மணி நேரத்தில் விரைவுச் சுற்றினுள் வந்து விழுகிறது. உலகெங்கும் இவ்வாறு ஆண்டொன்றுக்கு வெளியாவது இப்போது ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன். உலகின் தாவரங்கள் ஓர் ஆண்டில் காற்றிலிருந்து எடுப்பது 12,000 கோடி டன்னுக்குக் குறையாது என்பதால், இது சிறு தொகை எனத் தோன்றலாம். ஆனால் தாவரங்கள் எடுப்பது ஏறக்குறைய முழுவதும் மூச்சாகவும் மக்குதலாகவும் திரும்பிவிடுகிறது. வரவும் செலவும் ஒத்திருந்த ஏட்டில், ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் ஒரு தொகை கூடிக்கொண்டே வந்தால் இருப்பு மாறாமல் இருக்குமா?

இருப்பு மாறிவருவதை அளந்து காட்டியவர் சார்லஸ் கீலிங். அவர் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்கிற்கு ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2013இல் முதன்முறையாக அங்கு ஒரு நாளின் அளவு 400ஐத் தொட்டது. 2024இல் ஆண்டுச் சராசரி 420ஐத் தாண்டியது. பனிப்பாறைகளில் சிக்குண்ட பழங்காற்றை ஆராய்ந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 ஆக இருந்தமை தெரிகிறது. கூடிய வாயு பழங்கரியிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான நிலக்கரியில் அது அறவே இல்லை. அதனை எரித்த புகை கலக்கக் கலக்க, காற்றில் கதிரியக்கக் கார்பனின் விகிதம் நீர்த்துப்போவதை 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் கண்டுரைத்தார்.

மனிதர் வெளியிடுவதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலமும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சிய பாதி காற்றிலேயே தங்கிப் பூமியின் வெப்பத்தை மிகுவிக்கிறது. கடல் ஏற்கும் பங்கும் விலையின்றி வருவதன்று. கடல்நீரின் காரத்தன்மை அதனால் குறைந்து வருகிறது.

மண்ணுக்குள் நிகழ்வது

நிற்க. உலகக் கணக்கை விட்டு இனி உழவர் வயலுக்குள் இறங்குவோம்.

மண்ணில் கலந்த இலையும் தண்டும் வேரும் முதலில் புழு பூச்சிகளால் துண்டாக்கப்படுகின்றன. பின்னர்ப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அவற்றை உண்கின்றன. உண்டதில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சிறு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகி, அவை மடிந்தபின் களித் துகள்களோடு இறுக ஒட்டியும், மண்கட்டிகளின் உள்ளறைகளில் மறைந்தும் தங்கிவிடுகிறது. மண்ணுக்குக் கருநிறத்தைத் தரும் மட்கு இதுவே. மட்கு நீரைப் பிடித்துவைக்கும். மண்துகள்களைச் சேர்த்துப் பொலபொலப்பாக்கும். சத்துக்கள் மழையில் அடித்துச் செல்லப்படாமல் காக்கும். சிறிது சிறிதாகத் தழைச்சத்தை விடுவிக்கும். மண்வள அட்டையின் ‘அங்ககக் கார்பன்’ என்பது இதன் அளவையே குறிக்கிறது. வாக்லி, பிளாக் என்னும் இருவர் 1934இல் வெளியிட்ட முறையைத் தழுவியே நம் சோதனைச் சாலைகளில் பெரும்பாலும் இதனை அளக்கின்றனர். வறண்ட பகுதிகளின் நிலத்தில் கிடக்கும் சுக்கான் கல்லிலும் கார்பன் உண்டு. ஆனால் அது பாறையின் கார்பன். அமிலம் பட்டால் பொங்கும், பயிரை வளர்க்காது. இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

மண் மூச்சு விடுவதைக் காட்ட ஒரு பரிசோதனை: அகன்ற வாயும் இறுகிய மூடியும் உள்ள மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் இலைத்தூள் கலந்த ஈரமான வயல்மண் ஒரு கைப்பிடி இடுக. மற்றொன்றில் அதே மண்ணைச் சட்டியில் நன்கு வறுத்து, ஆறவைத்து, காய்ச்சி ஆறிய நீரால் ஈரமாக்கி இடுக. மூன்றாவதை வெறுமையாக விடுக. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து மூடுக. இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் பார்த்தால், உயிருள்ள மண் இருந்த புட்டியின் சுண்ணாம்பு நீரில்தான் வெள்ளை ஆடை தடிப்பாகப் படிந்திருக்கும். மண் உயிரற்ற தூள் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

நுண்ணுயிர்களுக்குக் கார்பன் மட்டும் போதாது, தழைச்சத்தும் வேண்டும். மட்கில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 10 முதல் 12 பங்கு கார்பன் உள்ளது. நெல் வைக்கோலிலோ ஒரு பங்குக்கு 60 அல்லது அதற்கு மேல். ஆகவே வைக்கோலை உழுது மடக்கியவுடன் விதைத்தால், நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளும். இளம் பயிர் வெளிறிப்போகும். இதைக் கண்ட உழவர் ‘வைக்கோல் நிலத்தைக் கெடுத்துவிட்டது’ என்று கருதுவதில் வியப்பில்லை. விதைப்புக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே மடக்கி உழுதால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற இளந் தழையுரப் பயிர்களில் தழைச்சத்து மிகுதியாதலால் அவை விரைவில் மக்கும். சருகையும் வைக்கோலையும் சாணத்தோடு அடுக்கி, ஈரமும் காற்றும் தந்து முன்னரே மக்கவைக்கும் இந்தூர் முறையை 1924க்கும் 1931க்கும் இடையில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடன் பணியாற்றிய யஷ்வந்த் வாடும் உருவாக்கினர். அதன் நோக்கமும் இவ்விகிதத்தைச் சீர்செய்வதே.

நீர் தேங்கிய நெல்வயலில் பிராணவாயு இல்லாமையால் மக்குதல் வேறு வழியில் சென்று மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. ஆதலின் நீர் தேங்கும் நிலத்திற்குப் பச்சை வைக்கோலினும் நன்கு மக்கிய உரமே ஏற்றது. இடையிடையே நீரை வடித்துக் காயவிடுதலும் மீத்தேனைக் குறைக்கும்.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

இனி எண்களைக் கொண்டு பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 2,250 டன். அங்ககக் கார்பன் நூற்றுக்கு 0.5 என்றால், அதில் உள்ள கார்பன் 11 டன்னுக்குச் சற்று மிகுதி. அந்த ஒரு ஹெக்டேரின் மேல் வானம் வரை நிற்கும் காற்று முழுவதிலும் உள்ள கார்பன் ஏறத்தாழ 17 டன். 5 டன் நெல்லும் 6 டன் வைக்கோலும் தரும் பயிர் தன் உடலில் சேர்ப்பது ஏறத்தாழ 4 டன். அதாவது தன் தலைக்கு மேல் உள்ள காற்றின் கார்பனில் கால்பங்கிற்கு ஒப்பான அளவை ஒரு பருவத்தில் பயிர் இறக்கிவிடுகிறது! காற்று ஓயாது வீசிக் கலப்பதால் பற்றாக்குறை நேர்வதில்லை.

6 டன் வைக்கோலில் உள்ள கார்பன் ஏறத்தாழ 2.4 டன். இது முழுவதும் மண்ணில் தங்கினால் அட்டையின் எண் ஒரே ஆண்டில் 0.1 உயர்ந்துவிடும். ஆனால் பெரும்பகுதி மக்கிக் காற்றுக்குத் திரும்பும். பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை எஞ்சுவதாகக் கொண்டால், சேர்வது கால் டன் முதல் அரை டன் வரை. மறுபுறம் பழைய மட்கும் சிதைகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு சிதைவதாகக் கொண்டால், 11 டன்னில் குறைவது கால் டன்னுக்குச் சற்றுக் கீழ். எனவே வைக்கோலை மண்ணுக்குத் தந்தால் கணக்கு ஒக்கும், அல்லது சிறிது மிஞ்சும். தராவிடில், வேர்களும் எருவும் ஈடு செய்தாலன்றி ஆண்டுதோறும் முதல் கரையும். நம் நாட்டு வெப்பத்தில் சிதைவு விரைவாக நடைபெறுவதால் இழப்பும் விரைவில் நேரும்.

‘ஓராண்டில் மண் பொன்னாகும்’ என்று உழவரிடம் கூறுதல் தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மட்கு சேர்வது தென்னை வளர்வது போன்றது, பொறுமை வேண்டும். பயன் உறுதி என்பதற்கு நெடுங்காலப் பரிசோதனைகள் சான்று பகர்கின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 1970 முதல் லூதியானா, ராஞ்சி, ஜபல்பூர், பாலம்பூர் முதலிய பல இடங்களில் ஒரே பாத்திகளில் ஆண்டுதோறும் ஒரே உரமுறை பின்பற்றப்பட்டு வருகிறது. மூன்று சத்துக்களையும் அளவோடு இட்டு, உடன் தொழு உரமும் சேர்த்த பாத்திகள் மகசூலிலும் அங்ககக் கார்பனிலும் முன்னிற்கின்றன. புளித்த மண்ணுள்ள பாலம்பூரில், தழைச்சத்து உரத்தை மட்டுமே இட்டுவந்த பாத்திகளில் மகசூல் காலப்போக்கில் அறவே வீழ்ந்தது. ரசாயன உரமா, இயற்கை எருவா என்னும் வழக்குக்கு இங்கு இடமில்லை. அளவான உரத்தால் பயிர் செழிக்கும். செழித்த பயிரின் வேரும் தாளும் மண்ணுக்குக் கார்பனைத் தரும். எரு அதனை நிறைவாக்கும்.

வைக்கோலுக்கு இடும் தீ

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் அக்டோபர், நவம்பர்த் திங்களில் நெல்தாளுக்குத் தீயிடும் வழக்கத்தை யாவரும் அறிவர். இதனைப் பற்றிப் பேசும்போதுதான் நம் கணக்கு சோதனைக்கு உள்ளாகிறது.

‘தாளை எரித்தால் கரியமில வாயு வெளியாகி உலகம் வெப்பமடையும், ஆகவே எரிக்கலாகாது’ என்று கூறுவாருண்டு. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கார்பன் உள்ளது. 12 கிலோ கார்பன் 44 கிலோ கரியமில வாயுவாகும். எனவே ஒரு டன் வைக்கோல் முற்றும் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் வாயு வெளிப்படும். உண்மைதான். ஆனால் அக்கார்பன் அவ்வாண்டு ஆனி, ஆடித் திங்களில் அதே காற்றிலிருந்து வந்தது. எரிக்காமல் விட்டாலும் பெரும்பகுதி மக்கி ஓரிரு ஆண்டில் அங்கேயே திரும்பும். இது நிலக்கரியைப் போல் நிலவறையிலிருந்து வந்ததன்று. கூரிய அறிவுள்ள உழவர் இதை எடுத்துக்கூறினால் நாம் வாயடைத்து நிற்க நேரும்.

எரிக்கலாகாது என்பதற்கு மெய்யான காரணங்கள் வேறு. முதலாவது, தாள் முழுமையாக எரிவதில்லை. புகையில் நுண்துகளும் கரிப்புகையும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் கலந்துள்ளன. முதலில் அதைச் சுவாசிப்போர் உழவரின் குடும்பத்தாரே. இரண்டாவது, ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து, 1.2 கிலோ கந்தகம் அடங்கியுள்ளன. தீயில் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் பறந்துபோகும். மூன்றாவது, மண்ணின் உயிர்களுக்கு ஓராண்டு உணவாக வேண்டிய ஆற்றல் அரை நாளில் வீணாகிறது. மட்காகத் தங்கியிருக்கக் கூடிய அச்சிறு பங்கும் தங்குவதில்லை. இக்காரணங்கள் உழவரின் சொந்த நலனைத் தொடுபவை. ஆதலின் அவர் செவிகொடுப்பார்.

அவருடைய இடர்ப்பாட்டையும் நாம் உணர வேண்டும். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றப்பெற்ற சட்டங்களின்படி, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் நடவு முற்காலத்தினும் தாமதமாகவே தொடங்குகிறது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரமே எஞ்சுகிறது. கோதுமை தாமதித்தால், மணி முற்றும் காலத்தில் வெயில் தாக்கி மகசூல் குறையும். அறுவடை இயந்திரம் தாளை நிலத்திலேயே விட்டுச் செல்கிறது. மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலை, கோதுமைத் தவிடும் தாளும் உண்டு பழகிய அப்பகுதிக் கால்நடைகள் விரும்புவதில்லை. தீக்குச்சி ஒன்றே மலிவான கருவியாகத் தோன்றுவது இந்நிலையில்தான்.

தாள் நிற்கும்போதே அதனூடே கோதுமையை விதைக்கும் ‘ஹாப்பி சீடர்’ என்னும் கருவி இதற்கு ஒரு மாற்று. தாள் மண்ணுக்கு மூடாக்காகி ஈரத்தைக் காக்கும், மெல்ல மக்கும், தழைச்சத்துப் போட்டியும் அவ்வளவாக நேராது. விரைவில் முதிரும் நெல் வகைகள், தாளைக் கட்டாகக் கட்டி வெளியேற்றுதல், தாளை மக்கவைக்கும் பூஞ்சைக் கலவை ஆகியவை பிற வழிகள். ஒவ்வொன்றுக்கும் செலவும் காலமும் உண்டு. ஊருக்குப் பொதுவாக ஒரு கருவியை முறைவைத்துப் பயன்படுத்த ஏற்பாடு செய்து தரும் களப்பணியாளர், நூறு சொற்பொழிவுகளினும் மிகுந்த பயன் விளைத்தவராவார்.

வகுப்பிலும் வயலிலும்

தொடக்கத்தில் எழுந்த இரண்டு வினாக்களுக்கும் இப்போது விடை கூறலாம். மாணவனிடம்: “மரத்தின் உடல் காற்றிலிருந்து வந்தது; சூரியன் அதைக் கட்டியது; காற்றுக்கே அது திரும்பும்.” உழவரிடம்: “அட்டையில் காணும் கார்பன் கடையில் விற்பதன்று. அதை உங்கள் பயிரே காற்றிலிருந்து கொண்டுவந்து தருகிறது. தாளாகவும் வேராகவும் எருவாகவும் அதில் ஒரு பங்கை மண்ணிடம் விட்டுவையுங்கள்.”

காற்றிலிருந்து வந்த கார்பனை என்றென்றும் மண்ணில் சிறைவைக்க நம்மால் இயலாது. அது தேவையும் இல்லை. அது திரும்பிப் போகும் வழியில், மண்ணில் சில ஆண்டுகள் தங்கி வேலை செய்துவிட்டுப் போகுமாறு செய்யலாம். நிலவறைக் கார்பனைக் குறைவாக எடுப்பது நாடுகளும் தொழில்களும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமை. மண்ணின் கார்பனைக் காப்பது ஒவ்வொரு வயலிலும் நிறைவேற வேண்டிய கடமை. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தேவையில்லை என்பதன்று.

ஆசிரியர்கள் தம் பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்திகளை ஒதுக்கி, ஒன்றில் சருகையும் தழையையும் ஆண்டுதோறும் மக்கவிட்டு, மற்றொன்றைப் பெருக்கித் துடைத்து வைத்துப் பார்க்கலாம். மழை நின்று பத்து நாள் கழித்து இரண்டிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து மாணவர் கையில் கொடுத்தால் போதும். எந்த மண்ணில் ஈரம் இருக்கிறது என்பதை அவர்கள் விரல்களே சொல்லும்.